கணுக்கால் எண் கூடினால் நல்லதா?

கேள்வி: வாப்பாவுக்கு வயது 62, பதினைந்து வருடமாகச் சலரோகம். வயல் வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. கிளினிக்கில் இரத்த அழுத்தம் கையில் 138, கணுக்காலில் 204, எண் 1.48 என்று எழுதியிருக்கிறார்கள். 0.90க்குக் குறைந்தால்தானே அடைப்பு? பிறகேன் டொக்டர் கால் விரலிலும் பார்க்கச் சொல்கிறார்?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வருவது இந்த எண். 1.00 முதல் 1.40 வரை சாதாரணம். 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் கால் நாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) ஒடுங்கியிருக்கிறது. 1.40ஐத் தாண்டினால் ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல, அளவையே நம்ப முடியாது.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: வாப்பாவைப் படுக்க வைத்தா பார்த்தார்கள்? கதிரையில் இருக்கும்போது கணுக்கால் நெஞ்சுக்கு ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் கீழே இருக்கும். ஒரு சென்ரிமீற்றருக்கு 0.77 மி.மீ. (இரத்த அழுத்தத்தை அளக்கும் இரச அளவு) வீதம் இரத்தத்தின் பாரம் மட்டுமே 60 மி.மீ.யைக் கூட்டிவிடும். 204இல் 60 போனால் 144, எண் 1.04. மல்லாக்கப் படுத்துப் பத்து நிமிடம் போன பிறகு, இரு கையிலும் பார்த்து, கூடியதை எடுத்துத்தான் வகுக்க வேண்டும்.

படுக்க வைத்தும் 1.48 என்றால் நாடிச் சுவரில் கல்சியம் படிந்திருக்கிறது. நெடுநாள் சலரோகத்திலும் சிறுநீரக வருத்தத்திலும் இது வழக்கம். அழுத்தம் பார்க்கக் காற்றடித்துக் கட்டும் பட்டை காட்டுவது நாடி நசுங்கி மூடும் அழுத்தத்தை. றப்பர் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நிற்கும், பீவீசீ பைப்பை மிதித்தால் நிற்குமா? அந்த 204 பைப்பின் விறைப்பு. உள்ளே எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒடுங்கிய நாடியும் விறைத்திருந்தால் 1.1 என்று நல்ல பிள்ளை போல எண் காட்டும், அதுதான் இன்னும் மோசம்.

கால் விரல் நாடிகளில் கல்சியம் குறைவாகவே படியும். பெருவிரலில் சிறு பட்டை சுற்றி, நுனியில் ஒளி உணரி வைத்துப் பார்ப்பார்கள். அங்கே 62 வந்தால் 62ஐ 138ஆல் வகுக்க 0.45. 0.70க்குக் கீழே என்றாலே குறைவு. விரல் அழுத்தம் 30க்குக் கீழே போனால் காலில் வந்த புண் ஆறுவது கடினம். ஏசி அறையில் விரல் குளிர்ந்தால் நாடி சுருங்கிப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அதனால் போர்வையால் பாதத்தை மூடிச் சூடேற்றிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அன்று காலை சிகரெட், பீடி வேண்டாம்.

டொப்ளர் (நாடியில் இரத்தம் ஓடுவதை ஒலியாகக் கேட்க வைக்கும் கருவி) ஒலியையும் கவனிக்கச் சொல்லுங்கள். நல்ல நாடி ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று தட்டாகக் கேட்கும், அடைப்புக்குக் கீழே ஒரே மந்தமான இரைச்சல்தான்.

கேள்வி: எனக்கு எண் 0.98. ஆனால் நடந்தால் கெண்டைக்கால் வலி. அடைப்பு இல்லையா?
— வாசகி, கல்லடி

பதில்: இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓய்வில் ஒடுங்கிய நாடியே போதும், நடக்கும்போதுதான் போதாமற்போகும். சாய்வான நடை இயந்திரத்தில் நடந்து, இறங்கிய உடனே மறுபடி அளக்க வேண்டும். எண் 20 வீதத்துக்கு மேல் விழுந்தால் அடைப்பு உண்டு. இயந்திரம் இல்லையென்றால், நின்றபடி குதிகாலை 50 தடவை உயர்த்தித் தாழ்த்திவிட்டு அளக்கலாம். ஐந்து நிமிடம் தாமதித்து அளந்தால் எண் திரும்பவும் ஏறியிருக்கும், அந்த அளவால் பயனில்லை.