நவம்பரில் பிறந்த பையன்

தம்பி, உங்கள் கேள்வியைக் கோத்தகிரியில் உட்கார்ந்துதான் படித்தேன். ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். குன்னூரிலிருந்து ஜெர்மனியில் எஸ்ஸனுக்குப் போய் ஆறு மாதம், மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, உங்களுக்குக் கிடங்கில் ஷிப்ட், பத்து வயது மகனுக்குக் கால்பந்துதான் எல்லாம் என்று எழுதியிருந்தீர்கள். பெரிய கிளப் ஒன்றின் தேர்வுக்குப் போனான், எடுக்கவில்லை. "வெளிநாட்டுக்காரங்கன்னு ஒதுக்கறாங்களா? காசு கட்டித் தனியார் கோச்சிங்ல சேக்கணுமா? இல்ல, பந்தை விட்டுட்டுப் படிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடச் சொல்லாதீர்கள். வந்த புதிதில் அவனுக்கு ஜெர்மன் மொழியும் நண்பர்களும் மைதானத்தில்தான் கிடைப்பார்கள்.

அவன் பிறந்தது நவம்பர் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஜெர்மனியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. அதே வருடம் ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் மகனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது வளர்த்தியிலும் வேகத்திலும் அப்படியே தெரியும். தேர்வாளர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியும் நல்ல எதிராளிகளும் கிடைக்கிறார்கள், ஆகவே அவன் உண்மையிலேயே முந்திவிடுகிறான். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்து 1985-லேயே பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதை எழுதிவிட்டார்கள். கால்பந்திலும் பல நாடுகளில் இதே கதைதான். நம் அப்பா தலைமுறைக்கு ஹெட்மாஸ்டர் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அங்கே அந்தத் தேதி ஒரு பையன் பந்து விளையாடுவதையே தீர்மானிக்கப் பார்க்கிறது.

ஆனால் வருடக் கடைசியில் பிறந்தவர்களும் மேலே வந்திருக்கிறார்கள். ஃபிலிப் லாம் பிறந்தது 1983 நவம்பர் 11. உயரம் 170 செ.மீ. 2014-ல் உலகக் கோப்பையைத் தூக்கிய ஜெர்மன் கேப்டன் அவர். அதே அணியில் இருந்த மெசுட் ஓசில் அக்டோபரில் பிறந்தவர், உங்களுக்குப் பக்கத்து ஊரான கெல்சென்கிர்ஷனில் வளர்ந்த துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் அவர் விளையாடியது கம்பிவேலி போட்ட தெருவோர மைதானத்தில். 'குரங்குக் கூண்டு' என்று அதற்குப் பெயர். நிறம் ஒரு காரணமாக இருக்கவே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நானும் சில பார்வைகளைச் சந்தித்தவன்தான். ஆனால் மாதம், வளர்த்தி, வீட்டு நிலைமை மூன்றையும் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

வீட்டு நிலைமை என்றதும் பணம் என்று நினைக்காதீர்கள். சாதாரண ஊர்க் கிளப்பின் சந்தாவை உங்களால் கட்ட முடியும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசே மாதம் 15 யூரோ தரும் திட்டமும் இருக்கிறது. உண்மையான இடைஞ்சல் கார். சனிக்கிழமை காலையில் வெளியூர் மேட்ச், அப்பா அம்மாக்கள்தான் பிள்ளைகளை ஏற்றிப் போவார்கள். உங்களிடம் கார் இல்லை, ஷிப்ட் வேறு. வெட்கப்பட்டுக்கொண்டு "இந்த வாரம் வரல" என்று சொன்னால், மூன்றாவது வாரம் பையன் பெஞ்சில் இருப்பான். வாய்விட்டுக் கேளுங்கள். பதிலுக்கு, அணியின் ஜெர்சிகளை மொத்தமாகத் துவைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் கேக் விற்கும் மேசைக்கு மசால் வடை கொண்டுபோங்கள். நான் அப்படித்தான் உள்ளே போனேன்.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நான் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பில், லயனில் பிறந்தவன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். துரை முன்னாலும் வாத்தியார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பதுதான் எங்களுக்கு மரியாதை. என் மகனையும் அப்படியே வளர்த்தேன். ஒரு கிளப்பில் கோச் சொன்னார்: "நல்லா ஆடறான், ஆனா ஆர்வம் இல்ல. பந்து கேக்கறதே இல்ல." அவனுக்கு ஆர்வம் இல்லாமலா? ராத்திரி பந்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பையன். அவன் பணிவை அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மகனுக்குச் சத்தமாகப் பந்து கேட்கப் பழக்குங்கள். பயிற்சி முடிந்ததும் கோச்சின் கண்ணைப் பார்த்து, "நான் எதுல முன்னேறணும்?" என்று அவன் வாயாலேயே கேட்கட்டும். நீங்கள் போய்க் கேட்காதீர்கள்.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்று தமிழில் கத்திக்கொண்டே இருப்பேன். வீடு திரும்பும் வழியெல்லாம் மேட்சைப் பற்றியே பேச்சு. பதின்மூன்று வயதில் "அப்பா, நீங்க வராதீங்க" என்றான். இன்றும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் மனித ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தானே முடிவெடுக்கிற உணர்வு, 'என்னால் முடிகிறது' என்ற உணர்வு, யாரோடாவது சேர்ந்திருக்கிற உணர்வு. முதலாவதை நான் அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன். மேட்ச் முடிந்தால் "பசிக்குதா?" என்று மட்டும் கேளுங்கள்.

தனியார் கோச்சிங் இப்போது வேண்டாம். 2000 ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்ற பிறகு, 2002-லிருந்து ஜெர்மன் கால்பந்து சங்கம் நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட இடங்களில் வாரம் ஒருமுறை இலவசத் திறன் பயிற்சி நடத்துகிறது. உள்ளூர்க் கிளப் மேட்சுகளிலிருந்தே அதற்குப் பிள்ளைகளை எடுப்பார்கள். அவனுக்கு அந்த வயது இனிமேல்தான் வருகிறது.

இதை எழுதும்போது லயனுக்குக் கீழே உள்ள சமதளத்தில் எட்டுப் பையன்கள் சாரலில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓரம் தாண்டினால் பந்து தேயிலைக்குள் உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். உதைத்தவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். அதனால் யாரும் சும்மா உதைப்பதில்லை, காலோடு ஒட்டியே வைத்திருக்கிறார்கள். எந்தக் கோச்சும் சொல்லித்தரவில்லை. உங்கள் மகனும் குன்னூர்ச் சரிவில் இப்படித்தான் ஆடியிருப்பான். வீட்டுக்குப் பக்கத்தில் கம்பிவேலி மைதானம் இருந்தால், கிளப் இல்லாத நாட்களில் அங்கே போகட்டும்.

அடுத்த மாதம் திரும்பிவிடுவேன். என் மகனுடைய பழைய பூட்ஸ் இரண்டு ஜோடி இருக்கிறது, 35-ம் 36-ம். அவன் கால் அளவை எழுதுங்கள்.