ஆப்ல 'கிருபை'ன்னு தேடினா ஹெசெத் கிடைக்காது: இந்த தடவை வந்த கேள்விகள்

பைபிளைப் பத்தி இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஹெசெத் (பழைய ஏற்பாட்டுல வர்ற எபிரேய வார்த்தை, தமிழ்ல கிருபை, தயை, இரக்கம்னு பல விதமா வரும்), கீழ்ப்படிதல், இருதயம்னு ஒரே வட்டத்துக்குள்ளதான் சுத்துது. எப்பவும் சொல்றதையே மறுபடி சொல்லிடறேன், ஒரு வசனத்தைப் பத்தி கேக்கறதுக்கு முன்னாடி அதுக்கு மேல ரெண்டு வசனம், கீழ ரெண்டு வசனம் படிங்க. பாதி கேள்வி அங்கயே முடிஞ்சிடும்.

கே: ஹெசெத்தா, செசெதா? எப்படி சொல்லணும்?

முதல் எழுத்து ஹேத்ங்கற எபிரேய எழுத்து, தொண்டையை உரசிட்டு வர்ற ஹ. தமிழ்ல ஹெசெத்னு சொன்னா போதும். 'செ' போட்டு ஆரம்பிக்கறது இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்து வந்த தப்பு.

கே: ஐயா, ஹெசெத்துக்கு ஒரே வார்த்தைல அர்த்தம் வேணும், நாளைக்கு செய்தி கொடுக்கணும்.

ஒரே வார்த்தைல இல்ல தம்பி. ஏற்கெனவே ஒரு உறவு இருக்கு, அந்த உறவை நினைச்சு, செய்யாம விட்டாலும் யாரும் குத்தம் சொல்ல முடியாத இடத்துல கூட கைவிடாம செய்யற நன்மை, அதான். ரூத் புஸ்தகத்துல நகோமியோட ரெண்டு விதவை மருமகள்கள்ல ஓர்பாள் ஊருக்குத் திரும்பிப் போனதை அந்தப் புஸ்தகம் எங்கயும் திட்டல, மாமியார் நகோமியே போகத்தான் சொன்னாங்க, ஆனா இன்னொரு மருமகள் ரூத் போகல. அந்தப் புஸ்தகம் மொத்தமே நாலு அதிகாரம், ஒரு டீ குடிக்கற நேரத்துல படிச்சிடலாம். சனிக்கிழமை ராத்திரி கேட்டா இவ்ளோதான் கிடைக்கும்.

கே: பைபிள் ஆப்ல 'கிருபை'ன்னு போட்டு தேடினேன், மோசேயோட புஸ்தகங்கள்ல கொஞ்சமாத்தான் வருது. அப்போ பழைய ஏற்பாடு பிரமாணம், புதிய ஏற்பாடு கிருபைன்னு சொல்றது சரிதானே?

இதைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க, ஒரு கூட்டத்துல ஒருத்தர் மைக்கைப் பிடுங்கி போன் ஸ்கிரீனையே எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு, ஏதோ நான் ஒளிச்சு வச்சதைக் கண்டுபிடிச்ச மாதிரி.

நீங்க தேடினது தமிழ் வார்த்தையை. எபிரேயத்துல ஹெசெத் ஒரு 250 தடவை வருது, அதுல பாதி சங்கீதத்துல. நம்ம பழைய மொழிபெயர்ப்பு அதை ஒரே வார்த்தையா வைக்கல. சங்கீதம் 136ல 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு முடியுதே, அந்தக் கிருபை ஹெசெத். யாத்திராகமம் 34:6ல "மகா தயை"ன்னு இருக்கறதும் ஹெசெத்தான். ரூத் 3:10ல போவாஸ் ரூத்கிட்ட பாராட்டற "நற்குணம்" ஹெசெத், எரேமியா 31:3ல "காருணியம்" ஹெசெத். இதுல வேடிக்கை என்னன்னா யாத்திராகமம் 34:6ல கிருபைங்கற வார்த்தையும் பக்கத்துலயே இருக்கு, ஆனா அது ஹன்னூன்ங்கற வேற வார்த்தைக்கு வச்சது. அப்போ உங்க ஆப் காட்டினது எதை, காட்டாம விட்டது எதை?

ஓசியா 6ஐ மட்டும் எடுத்துக்கங்க. 4ம் வசனத்துல தேவன் சலிச்சுப்போய் பேசறாரு, எப்பிராயீமே உன்னை என்ன பண்றது, உங்க "பக்தி" காலைல தெரியற மேகம் மாதிரி, விடியற்காலைப் பனி மாதிரி மறைஞ்சு போகுதுன்னு. 6ம் வசனத்துல எனக்கு பலி வேணாம், "இரக்கம்" வேணும்ங்கறாரு. தமிழ்ல படிச்சா பக்தி ஒண்ணு, இரக்கம் ஒண்ணு, ரெண்டும் வேற வேற பேச்சு. எபிரேயத்துல ரெண்டுமே ஹெசெத்! உங்க ஹெசெத் வெயில் வந்தா காஞ்சிடுது, எனக்கு வேணும்னு கேக்கறதே அந்த ஹெசெத்தைத்தான்னு ஒரே மூச்சுல சொல்றாரு, அந்த முடிச்சு மொழிபெயர்ப்புல அவுந்து போச்சு.

மொழிபெயர்த்தவங்களை நான் குறை சொல்லல. கிரேக்கத்துல எலெயோஸ், அதாவது இரக்கம்னு போட்டுட்டு நகர்ந்தாங்க, 1535ல பைபிளை மொழிபெயர்த்த கவர்டேல் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தையை ஒட்டி புதுசா ஒண்ணை உருவாக்க வேண்டியதாயிடுச்சு, தமிழ்ல திருவிவிலியம்ங்கற மொழிபெயர்ப்பு "பேரன்பு"ன்னு வச்சுது. எல்லாரும் முட்டி மோதின வார்த்தை இது. என் கோவம் சர்ச் பாக்ஸ்ல ஒரு வார்த்தையைத் தட்டிட்டு உபதேசம் கட்டறவங்க மேல.

அப்புறம் வரிசையைப் பாருங்க. "உன்னை எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின"ன்னு யாத்திராகமம் 20:2ல சொன்னதுக்கு அப்புறம்தான் முதல் கட்டளையே வருது. விடுதலை முன்னாடி, கட்டளை பின்னாடி. அந்த மகா தயைங்கற வார்த்தை வர்றது எப்போ? ஜனங்க கன்னுக்குட்டியைச் செஞ்சு ஆடி, மோசே கல்பலகையை உடைச்சு, ரெண்டாவது செட் பலகையோட மறுபடி மலை ஏறினப்போ. இதுல கிருபை இல்லைங்கறீங்க.

கே: அமலேக்கியரோட எல்லாத்தையும் அழிக்கச் சொன்னப்போ, சவுல் ராஜா ஆடு மாடுகளை பலி கொடுக்கத்தானே தப்ப விட்டாரு? தீர்க்கதரிசி சாமுவேல் ஓவரா திட்டிட்டாரோ?

1 சாமுவேல் 15ஐ காதால படிங்க. எபிரேயத்துல கீழ்ப்படிதலுக்குன்னு தனி வினைச்சொல்லைத் தேடாதீங்க, பெரும்பாலும் ஷாமாதான், கேக்கறது. நமக்கு இதை விளக்கவே வேணாம், வீட்ல அம்மா "சொன்னா கேக்கறியா"ன்னு கத்தும்போது காது டெஸ்ட்டா பண்றாங்க? முதல் வசனத்துல கர்த்தரோட சத்தத்தைக் கேளுன்னு சவுலுக்கு சொல்லியாச்சு. 14ல சாமுவேல், அப்போ என் காதுல விழற இந்த ஆட்டு சத்தம், எனக்குக் கேக்கற மாட்டு சத்தம் என்னங்கறாரு. 22ல அந்தப் பேர்போன வரி, பலியைவிட கேக்கறது நல்லதுன்னு. 24ல சவுல் கடைசியா ஒத்துக்கறான், ஜனங்களுக்குப் பயந்து அவங்க சொல்லைக் கேட்டேன். எல்லா இடத்துலயும் அதே கோல் (சத்தம், சொல்), அதே ஷாமா. கேக்காதவன் இல்ல அவன், ஆள் மாத்திக் கேட்டவன். மேல ரெண்டு கீழ ரெண்டு பத்தாது, இதுக்கு அதிகாரம் முழுக்க படிக்கணும்.

கே: அன்புகூருன்னு உபாகமம் 6:5 கட்டளை போடுது. அன்பை எப்படி கட்டளை போட முடியும்?

உணர்ச்சியை போட முடியாது. அந்தக் காலத்து ஒப்பந்த பாஷைல அன்புன்னா விசுவாசமா இருக்கறது. அசீரிய ராஜா எசரத்தோன் கி.மு. 672ல சிற்றரசர்கள்கிட்ட வாங்கின சத்தியத்துல, என் மகன் அசூர்பானிபாலை உங்களைப் போலவே நேசிக்கணும்னு இருக்கு, அங்க யாரும் கவிதை எழுதச் சொல்லல, கட்சி மாறாதேன்னு அர்த்தம். ஆனா உபாகமம் அதோட நிக்கல, 7:7ல நீங்க பெரிய கூட்டம்னு நான் பிரியம் வைக்கல, எல்லாரையும்விட கொஞ்சமாத்தான் இருந்தீங்கன்னு சொல்ற மாதிரி எந்த அசீரிய ராஜா சொல்லுவான்?

கே: முழு இருதயத்தோடன்னா ஃபீல் பண்ணி ஆராதிக்கறதா?

இல்ல. இருதயத்துக்கு எபிரேயத்துல லேவ், லேவாவ், அப்படின்னா யோசிக்கற, முடிவெடுக்கற இடம். உள்ளுணர்ச்சிக்கு அவங்க பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சொன்னாங்க, நம்ம பைபிள்ல "உள்ளிந்திரியங்கள்"னு நாசூக்கா இருக்கும். 1 ராஜாக்கள் 3:9ல சாலொமோன் கேட்ட "ஞானமுள்ள இருதயம்" எபிரேயத்துல லேவ் ஷோமேயா, கேக்கற இருதயம்.

கே: மூணு நாலு தலைமுறைக்கு தண்டனை, ஆயிரம் தலைமுறைக்கு தயைன்னா ஒரு தலைமுறை 25 வருஷம், அப்போ 25,000 வருஷம் வருதே, உலகம் அவ்வளவு நாள் இருக்குமா?

கால்குலேட்டரை மூடி வைங்க. மூணு நாலு தலைமுறைங்கறது ஒரே வீட்ல சேர்ந்து வாழ்ந்த தாத்தா முதல் கொள்ளுப்பேரன் வரைக்கும், ஆயிரம்ங்கறது எண்ணி முடியாதது. அப்பன் பாவம் மகனுக்குன்னு பயந்துட்டு இருந்தீங்கன்னா எசேக்கியேல் 18 படிங்க, அப்பன் திராட்சக்காய் தின்னா பிள்ளை பல் கூசும்ங்கற பழமொழியையே இனிமே சொல்லாதீங்கன்னு தேவன் தடை போட்டுட்டாரு.

கே: இதுக்கெல்லாம் தொல்லியல் ஆதாரம் ஏதாவது இருக்கா?

எருசலேம்ல கேத்தெப் ஹின்னோம் கல்லறைக் குகைல 1979ல காப்ரியேல் பார்க்காய் குழு ரெண்டு குட்டி வெள்ளிச் சுருள் எடுத்தாங்க, கழுத்துல கட்டற தாயத்து மாதிரி. பெருசே விரிச்சா ஒரு 10 செ.மீ. தான், விரிக்கவே ஏறக்குறைய மூணு வருஷம் ஆச்சு. கி.மு. 600 வாக்குல உள்ளதுன்னு சொல்றாங்க, பழைய பைபிள் பிரதிகளான சவக்கடல் சுருள்களைவிட பல நூறு வருஷம் பழசு. ஆரோனோட ஆசீர்வாதம் (கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராகன்னு வர்றது) அதுல இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பெரிய சுருளோட மேல்பக்கத்தை விட்டுடுவாங்க. தேய்ஞ்சு போன எழுத்துல அங்க இருக்கறது உபாகமம் 7:9ஐ ஒட்டின வரி, தம்மை நேசிச்சு கட்டளையைக் காக்கறவங்களுக்கு உடன்படிக்கையும் ஹெசெத்தும். யாரோ ஒருத்தர் அதைச் சுருட்டி கழுத்துல போட்டிருந்திருக்காங்க.

கே: நாரைக்கும் ஹெசெத்துக்கும் சம்பந்தம் உண்டாமே, உண்மையா?

உண்மைதான், பேரு ஹசீதா, அதே வேர். கூட்டாளிங்களுக்கு இரை பங்கு போடுதுன்னு ராஷிங்கற பழைய யூத உரையாசிரியர் காரணம் சொல்றாரு. அப்புறம் ஏன் லேவியராகமம் 11:19ல அது அசுத்தப் பறவை லிஸ்ட்ல இருக்குன்னா, ஹசிதியர்கள்ங்கற யூத பக்தி இயக்கத்துக்காரங்க நடுவுல ஒரு பதில் உண்டு: தன் இனத்துக்கு மட்டும்தானே பங்கு போடுது!