நிரூபணமான சிகிச்சை பிரசவ அறைக்கு வர எவ்வளவு காலம் ஆகலாம்?

கேள்வி: நான் பிரசவ அறையில் வேலை பார்க்கும் செவிலியர். குழந்தை பிறந்த உடனே தொப்புள்கொடியை வெட்டக் கூடாது, குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எங்கள் மருத்துவமனையில் இன்னமும் உடனே கிளாம்ப் போட்டு வெட்டிவிடுகிறோம். மூத்த மருத்துவரிடம் கேட்டேன். "ஆராய்ச்சி இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு வேறொன்று சொல்லும். எல்லாரும் செய்யட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். நிரூபணமான ஒன்றை எவ்வளவு சீக்கிரம் நடைமுறைக்குக் கொண்டுவரலாம்? நான் காத்திருக்கட்டுமா, மறுபடி பேசட்டுமா?

பதில்: மறுபடி பேசுங்கள், சிஸ்டர். இந்த வாரமே பேசுங்கள். உங்கள் மூத்த மருத்துவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் தொப்புள்கொடி விஷயத்தில் அந்த நியாயம் செல்லாது.

அடுத்த பிரசவத்தில் குழந்தை வெளியே வந்ததும் கொடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பாருங்கள். துடிக்கும். தடித்து, முறுக்கிக்கொண்டு, நீலம் பாய்ந்து இருக்கும். சில நிமிடங்களில் துடிப்பு அடங்கி, வெளுத்துத் தொய்ந்துவிடும். அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. நிறைமாதக் குழந்தை என்றால் முதல் நிமிடத்தில் ஏறக்குறைய 80 மில்லி, மூன்று நிமிடத்தில் 100 மில்லி. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தமே மொத்தம் 250, 300 மில்லிதான். அப்படியென்றால் உடனே வெட்டும்போது எவ்வளவு பெரிய பங்கைத் தடுத்துவிடுகிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. முதல் ஆறு மாதத்துக்குக் குழந்தை பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது. அந்தக் கையிருப்பில் ஒரு பகுதி இந்த ரத்தத்தில் இருக்கிறது.

சீக்கிரம் வெட்டினால் குழந்தைக்குக் கெடுதல் என்று எராஸ்மஸ் டார்வின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1801-லேயே எழுதிவைத்தார். பிறகு எப்படி உடனே வெட்டும் பழக்கம் வந்தது? 1960-கள் வாக்கில், பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் ரத்தப்போக்கைத் தடுக்க மூன்று காரியங்களை ஒரே கட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: கர்ப்பப்பை சுருங்க ஊசி, கொடியை உடனே வெட்டுவது, நஞ்சுக்கொடியைப் பதமாக இழுத்து எடுப்பது. இதில் ரத்தப்போக்கைக் குறைப்பது பெரும்பாலும் ஊசிதான். உடனே வெட்டுவதால் தாய்க்குப் பலன் தெரியவில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2013-ல் சொன்னது. ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. ஆகவே இது புதிதாக முளைத்த ஆராய்ச்சி இல்லை. உங்கள் மருத்துவர் காத்திருக்கச் சொல்லும் அந்த "எல்லாரும்" கூடிப் பேசி முடிவெடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது.

சரி, அவர் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் சர்க்கரை அளவை மிகக் கண்டிப்பாகக் கீழே வைத்தால் இறப்பு குறைகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. உலகமெங்கும் ஐ.சி.யு.க்கள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. நான் வேலை பார்த்த இடத்திலும் இன்சுலின் பம்பை ஏற்றி இறக்கி, ராத்திரி முழுக்க விரலைக் குத்திக்கொண்டிருந்தோம். நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தோம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பல மருத்துவமனைகளில் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு 2009-ல் வந்தபோது கணக்கு தலைகீழாக இருந்தது. கண்டிப்பாகக் குறைத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மிதமாக வைத்தவர்களில் 24.9 சதவீதம். அந்த ராத்திரிகளில் நான் பார்த்த சில முகங்கள் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அதனால், அவசரப்படாதே என்று ஒரு மூத்த மருத்துவர் சொன்னால் நான் அதை அலட்சியம் செய்வதில்லை.

ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு, அந்த விலையை நம் கண் பார்ப்பதில்லை. அவசரத்தால் இறந்த நோயாளிக்குக் கேஸ் ஷீட் இருக்கும். தாமதத்தால் இறந்தவர் அந்த நோயின் கணக்கில் போய்விடுவார், அதைத் தாமதத்தின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்து, இனிச் சொல்லப்போவதைவிடத் துல்லியமான உதாரணம் கிடையாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றில் இருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார். பிழைக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் பாதி விரிந்திருந்தது. ஸ்டீராய்டு அதைச் சீக்கிரமே முதிரவைத்திருந்தது. அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் சேர்ந்து, குறைமாதப் பிரசவம் ஆகும் நிலையில் இருந்த 282 தாய்மார்களிடம் சோதனை நடத்தி 1972-ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்தவை 3.2 சதவீதம், போடாதவர்களில் 15 சதவீதம். விலை குறைந்த மருந்து, இரண்டே ஊசி. அடுத்தடுத்து வேறு சோதனைகளும் அதையே சொல்லின. அப்படியும் அமெரிக்காவில் இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்ற கூட்டு முடிவு 1994-ல்தான் வந்தது. அதுவரைக்கும் அங்கே தகுதியான தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட ஊசி கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வருடம்! காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் வட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கோடுகள் இந்த ஸ்டீராய்டு சோதனைகள்தான். தாமதத்துக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

கதை அங்கே முடியவில்லை, அடுத்த பகுதிதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. இவ்வளவு உறுதியான மருந்து என்பதால் ஆறு நாடுகளில் வசதி குறைந்த இடங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வழியாகப் பரவலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவு எல்லாரையும் உலுக்கியது. மொத்தமாகப் பார்த்தால் பச்சிளம் குழந்தை இறப்பு கூடியிருந்தது. கர்ப்பம் எத்தனை வாரம் என்று சரியாகத் தெரியாத இடங்களில், குறைமாதப் பிரசவம் ஆகாத பல தாய்மார்களுக்கும் ஊசி போயிருந்தது. பிறகு, ஸ்கேன் பார்த்து வாரம் உறுதியான, குறைமாதக் குழந்தையைப் பராமரிக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை 2020-ல் வெளியானது. அங்கே அதே ஊசி இறப்பைத் தெளிவாகக் குறைத்தது. மருந்து மாறவில்லை, கொடுத்த இடமும் ஆளைத் தேர்ந்த விதமும்தான் மாறின.

இப்போது உங்கள் முதல் கேள்வி: எவ்வளவு சீக்கிரம்? ஆராய்ச்சி நோயாளியிடம் வந்து சேரப் பதினேழு வருடம் ஆகிறது என்று ஒரு கணக்கை மருத்துவ மாநாடுகளில் அடிக்கடி சொல்வார்கள். அது ஒரு சராசரி, அதைப் பார்த்து நமக்குக் கெடு வைத்துக்கொள்ள முடியாது. நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். ஒரே ஆய்வா, வேறு வேறு கைகளில் திரும்பத் திரும்ப அதே முடிவு வந்ததா? தப்பாகப் போனால் என்ன கெடும், அதை உடனே நிறுத்தித் திரும்பிவர முடியுமா? காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் யாருக்கு என்ன நஷ்டம்? சோதனை நடந்த இடத்தில் இருந்தது நம் இடத்தில் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆய்வு ஒன்றுதான், சிகிச்சையிலேயே ஆபத்து உண்டு என்றால் இரண்டாவது பெரிய ஆய்வு வரும்வரை பொறுப்பேன், அது சில வருடம் ஆனாலும் சரி. சான்று பலமாக இருந்து, செலவில்லாமல், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் தாமதிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்த மூன்று மாதமும் எல்லாருக்கும் பழக்கிக்கொடுக்கத் தேவைப்படும் காலம்.

ஒரு நிமிடம் பொறுப்பது இந்த எல்லாக் கேள்வியிலும் தேறிவிடுகிறது. புது மருந்து வேண்டாம், புது கருவி வேண்டாம். மஞ்சள் காமாலைக்காக விளக்கடியில் வைக்க வேண்டிவரும் குழந்தைகள் கொஞ்சம் கூடலாம், அதைக் கவனித்துப் பார்த்துக்கொள்ளும் வசதி வேண்டும், அவ்வளவுதான். குறைமாதக் குழந்தைகளுக்கு இதன் பலன் இன்னும் பெரிது. உலகம் முழுக்க நடந்த சோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2023-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, கொஞ்சம் பொறுத்து வெட்டியதில் மருத்துவமனையில் நேரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது.

ஒரு எச்சரிக்கை. காத்திருக்க நேரமில்லை என்று கொடியைக் குழந்தை பக்கமாக உருவிவிடும் குறுக்குவழி சில இடங்களில் உண்டு. மிகவும் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைச் செய்யாதீர்கள். 23 முதல் 27 வாரக் குழந்தைகளில் உருவிய பிரிவில் 22 சதவீதத்துக்கு மூளையில் கடுமையான ரத்தக்கசிவு, பொறுத்து வெட்டிய பிரிவில் 6 சதவீதம் என்று 2019-ல் ஒரு சோதனை காட்டியது. அந்த வாரக் குழந்தைகளைச் சேர்ப்பதை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். நிரூபணமானது பொறுத்திருப்பதுதான். பார்க்க அதுபோலவே இருக்கும் வேறொன்றுக்கு அந்தச் சான்றைக் கடன் கொடுக்க முடியாது.

மருத்துவரிடம் எப்படிப் பேசுவது? "நாம் செய்வது தப்பு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 2014 வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். "டாக்டர், சிக்கல் இல்லாத பிரசவங்களில் மட்டும் ஒரு மாதம் செய்து பார்க்கலாமா? எண்ணிக்கையை நான் எழுதிவைக்கிறேன்" என்று கேளுங்கள். கால எல்லையும் கணக்கும் இருந்தால் பெரும்பாலான மூத்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்பதுதானே ஆசை.

சம்மதம் கிடைத்ததும் அறையில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: வினாடி முள் உள்ள கடிகாரம் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும், ஒருவர் நேரத்தைச் சத்தமாகச் சொல்லட்டும். பிரசவ அறையில் அவரவர் மனக்கணக்கில் ஒரு நிமிடம் என்பது பெரும்பாலும் இருபது வினாடிதான், நானே அளந்து பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் குழந்தையைத் துடைத்து, தாயின் வயிற்றின் மேல் போட்டு, உலர்ந்த துணியால் மூடுங்கள். ரத்தம் இறங்க வேண்டும் என்று தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. சுகப்பிரசவத்தில் வயிற்றின் மேல் வைத்தாலும் அதே அளவு ரத்தம் சேருகிறது என்று 2014-ல் அர்ஜென்டினாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கர்ப்பப்பை சுருங்கத் தாய்க்குப் போடும் ஆக்சிடோசின் ஊசியை வழக்கமான நேரத்தில் போடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். துடைத்துத் தூண்டியும் குழந்தை மூச்சு விடவில்லை, அல்லது நஞ்சுக்கொடி பிரிந்து தாய்க்கு ரத்தம் கொட்டுகிறது என்றால் உடனே வெட்டிவிட்டு ஆக வேண்டியதைப் பாருங்கள். அங்கே கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. இந்த விதிவிலக்குகளை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் அவசரத்தில் யாரும் தயங்கி நிற்க மாட்டார்கள்.

கேஸ் ஷீட்டில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்ப் போட்ட நேரத்தையும் எழுதுங்கள். விளக்கடியில் வைத்த குழந்தைகளையும் தாயின் ரத்தப்போக்கையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரவு டியூட்டியின் நேரங்களைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள், பழைய பழக்கம் முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும்.