மாமாவின் டெக்னிக்ஸ் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இசைத்தட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என் தாய்மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் யோகோஹாமாவில் வாங்கிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளைச் சென்ற ஆண்டு எனக்குக் கொடுத்துவிட்டார். 110 வோல்ட் கன்வர்ட்டர் போட்டு ஓட்டுகிறேன். குறை என்று பார்த்தால் இரண்டுதான். சில நேரம் இடப்பக்க ஸ்பீக்கரில் ஒலி நின்றுவிடுகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீளமான தள்ளுகுமிழை அசைத்தால் வேகம் தடுமாறுகிறது. பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். “நாற்பது வருடப் பொருள். எல்லாக் கண்டன்சரையும் மாற்றி, அச்சு, முள் பிடிக்கும் கை எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்” என்கிறார். நண்பரோ, “மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் இந்த டைரக்ட் டிரைவ் எல்லாம் டிஜேக்களுக்கானது. விற்றுவிட்டு, பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் நல்ல பெல்ட் டிரைவ் ஒன்று வாங்கு” என்கிறார். என் மனைவி, “போனில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது இது வெறும் பழங்கால மோகம்தானே?” என்று கேட்கிறார். எனக்கு வயது 34. யார் சொல்வதைக் கேட்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

விற்காதீர்கள். ஒழுங்காக ஓடும் இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கவும் விடாதீர்கள். ஆனால் அந்த 110 வோல்ட் கன்வர்ட்டரை மட்டும் இன்றே பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள்.

ஜப்பானியர்களுக்கென்று விற்ற கருவி என்றால் அது 100 வோல்ட்டுக்கானது. உடலில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், எழுதியிருக்கும். (கப்பல்காரர்கள் வரியில்லாக் கடைகளில் ஏற்றுமதி மாடலை வாங்குவதும் உண்டு. அவற்றில் சிலவற்றில் சுழல்தட்டைத் தூக்கினால் வோல்ட்டை மாற்றும் திருகு இருக்கும். அப்படியானால் உங்களுக்குச் செலவே இல்லை.) நம் கடைகளில் கிடைக்கும் கன்வர்ட்டர் அமெரிக்கப் பொருள்களுக்காகச் செய்தது. சுவரில் 240 வோல்ட் வரும்போது அது 115 தரும். உங்கள் டெக்னிக்ஸ் உடனே புகைந்துவிடாது. மிகுதியான வோல்ட்டை உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் சூடாக மாற்றி விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில்தான் பக்கத்திலுள்ள கண்டன்சர்கள் வறண்டுபோகின்றன. வயதைக் காட்டிப் பழுதுபார்ப்பவர் சொல்லும் நோயில் பாதியை நாமே இப்படி வரவழைக்கிறோம்.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவர் திருச்சியில் இல்லாமல் இருக்கமாட்டார். 230-க்கு 100, 50 விஏ, இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக என்று சொல்லிச் செய்துகொள்ளுங்கள். கருவி இழுப்பது 15 வாட்டுக்கும் குறைவு, ஆகவே 50 விஏ தாராளம். “தனித்தனியாக” என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மலிவான கன்வர்ட்டர்களில் பல ஒற்றைச் சுற்று. சுவர் மின்சாரத்துக்கும் உங்களுக்கும் நடுவே அவற்றில் தடுப்பு எதுவும் கிடையாது. புது டிரான்ஸ்ஃபார்மரைக் கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பாகம்) பக்கத்தில் வைத்தால் ரீங்காரம் பாட்டோடு சேர்ந்து வரும். இரண்டடி தள்ளி வையுங்கள்.

வோல்ட்டைப் பற்றித்தான் கவலை, ஹெர்ட்ஸைப் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) பற்றி வேண்டாம். டைரக்ட் டிரைவின் அருமை தெரிவது இந்த இடத்தில்தான். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. அறுபதுகளின் ரெக்கார்டு பிளேயர் மோட்டார்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடியவை. ஒசாகாவில் வாங்கியதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனால் கப்பியை மாற்றவேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை அதிர்வு. நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடும் மோட்டார் நொடிக்கு 30 முறை அதிர்கிறது. அது காதுக்கு எட்டும் அளவு. ரப்பர் சக்கரத்தாலோ பெல்ட்டாலோ வேகத்தை இசைத்தட்டுக்கு வேண்டிய முப்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்தார்கள், அதிர்வும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

டெக்னிக்ஸைச் செய்த மத்சுஷிதா நிறுவனத்தில் ஷுயிச்சி ஒபாதா என்ற பொறியாளர் நடுவே இருந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றட்டும் என்றார். நொடிக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். அந்த அதிர்வு மனிதக் காதின் எல்லைக்கு வெகு கீழே போய்விடுகிறது. ஒசாகாவில் இப்படிப் பிறந்த எஸ்பி-10 என்ற டர்ன்டேபிள் 1970-இல் விற்பனைக்கு வந்தது. வானொலி நிலையங்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. 1972-இல் வீட்டுக்கான எஸ்எல்-1200 வந்தது. எழுபதுகளின் நடுவில் ஜேவிசி என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் வேகத்தை, சீராக அதிரும் குவார்ட்ஸ் படிகத்தோடு பூட்டியது. 1975-இல் டெக்னிக்ஸும் எஸ்பி-10 எம்கே2-இல் அதைச் செய்தது. உங்களிடம் இருக்கும் எம்கே2 1979-இன் வடிவம். சுழல்தட்டின் அடியில் பாருங்கள், ஒரு காந்த வளையம் இருக்கும். அந்தத் தட்டேதான் மோட்டாரின் சுழலும் பாதி. ஒன்றோடொன்று உராயும் இடம் நடுவிலுள்ள அச்சு மட்டும். நாற்பது ஆண்டு கழித்தும் அது ஓடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, தேய்வதற்கு அங்கே அதிகம் எதுவும் கிடையாது.

இனி உங்கள் நண்பர். அவர் சொல்வது எழுபதுகளில் பிரிட்டனிலிருந்து கிளம்பிய பேச்சு. கிளாஸ்கோவின் லின் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் எல்பி12 என்ற பெல்ட் டிரைவைக் கொண்டுவந்தது. அது மிக நல்ல கருவி, மறுப்பதற்கில்லை. அதைச் சுற்றி எழுதியவர்கள், டைரக்ட் டிரைவின் மின்னணுச் சுற்று வேகத்தை நொடிதோறும் திருத்திக்கொண்டே இருக்கிறது, அந்தப் பதற்றம் இசையில் கேட்கிறது என்றார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. எழுபதுகளின் கடைசியில் டைரக்ட் டிரைவ் என்ற சொல் விற்றது. தக்கையான தட்டு, பிளாஸ்டிக் உடல், மேலே ஒரு ஸ்டிக்கர் என்று எல்லோரும் செய்து தள்ளினார்கள். அவை கெட்ட பெயர் வாங்கியது நியாயம்தான். அந்தப் பெயரை அலுமினிய வார்ப்பில் கனமான ரப்பர் அடித்தளத்தோடு செய்த எம்கே2-இன் மேலும் ஒட்டுவதை என்னால் ஏற்க முடியாது. ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டிலும் மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு அவர் பேசட்டும். முள்ளுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் செலவழிக்கும் பணம் செய்யும் வித்தியாசத்தில் கால்வாசியைக்கூட பெல்ட் செய்யாது.

டிஜே கருவி என்பதை வசவாகவே பலர் சொல்கிறார்கள். எனக்கு அது நற்சான்றிதழ். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில், 1973 ஆகஸ்டு 11 அன்று கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டு ஓட்டிய விருந்திலிருந்து ஹிப்-ஹாப் தொடங்கியதாகக் கொள்கிறார்கள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்துத் தாளம் மட்டும் வரும் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வித்தை அங்கே வளர்ந்தது. கையால் நிறுத்தினால் நிற்க வேண்டும், விட்டால் அக்கணமே வேகம் பிடிக்க வேண்டும். பெல்ட் இழுபடும், நழுவும். எம்கே2 நின்ற நிலையிலிருந்து 0.7 நொடியில் முழு வேகத்துக்கு வந்துவிடும். டிஜேக்கள் அதை விடவே இல்லை.

1982 அக்டோபரில் சிடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபின் மற்ற நிறுவனங்களின் அற்புதமான டைரக்ட் டிரைவ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1200 மட்டும் 2010 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மொத்தம் 35 லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். 2016-இல் புதிய மோட்டாரோடு திரும்பவும் வந்தது. இன்று நீங்கள் வேகத் தள்ளுகுமிழையோ ஒரு ஐசியையோ தேடினால் கிடைப்பதற்குக் காரணம் அறைக்குள் கண்ணை மூடிக் கேட்ட ரசிகர்கள் அல்லர். வியர்வை வழிய இரவு விடுதிகளில் அதைப் போட்டு அடித்தவர்கள்தான்.

பழைய டைரக்ட் டிரைவ் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: புகழைப் பார்க்காதீர்கள், உதிரிப்பாகத்தைப் பாருங்கள். ஜேவிசியின் டிடி-101 என்றால் ரசிகர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகளைத் திறந்து பார்த்த பழுதுபார்ப்பவர்களுக்கும் சிலிர்க்கும், வேறு காரணத்துக்காக. டெனான் தன் கருவிகள் பலவற்றில் சுழல்தட்டின் உள்விளிம்பில் காந்தப் பூச்சு பூசி, டேப் ரெக்கார்டரில் இருப்பதுபோன்ற ஒரு தலையால் அதைப் படித்து வேகத்தை அறிந்தது. பேரழகான யோசனை! அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் கடையில் வாங்கிப் பூச முடியாது. இவற்றை வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர் இரண்டாவதாக ஒன்றை உதிரிப்பாகத்துக்காகவே வாங்கி வைக்கும் வசதி உள்ளவராக இருக்க வேண்டும். எனக்கு இல்லை.

அடுத்து உங்கள் பழுதுபார்ப்பவர். நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு குறைக்கும் அவர் சொன்ன வைத்தியத்துக்கும் தொடர்பில்லை. இடப்பக்கம் ஒலி நிற்பது பெரும்பாலும் முள்ளைத் தாங்கும் ஹெட்ஷெல் கையோடு சேரும் இடத்து நான்கு சிறு ஊசிகளில் படிந்த கறுப்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். போகாவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிடுங்கள். அதன்பிறகும் நின்றால் பின்பக்க ஒயர் சால்டரில் விட்டிருக்கும். அது அரைமணி நேர வேலை. தள்ளுகுமிழ் தடுமாறுவது அதற்குள் நாற்பது வருடத் தூசி. நடுவில் பச்சை விளக்கு எரியும் இடத்தில் வைத்தால் வேகம் நிலையாக இருக்கிறதா? இருந்தால் குவார்ட்ஸ் சுற்று நலமாக இருக்கிறது. காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து முழு நீளத்துக்கும் பலமுறை தள்ளி இழுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் அந்தக் குமிழை மட்டும் மாற்றலாம்.

கண்டன்சர்களைப் பொறுத்தவரை, பவர் பகுதியில் இருக்கும் பெரியவற்றை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வலுவிழந்தவற்றை மட்டும், 105 டிகிரி தாங்கும் வகையில், மாற்றட்டும். எண்பதுகளின் பலகையில் செப்புத்தடம் மெல்லியது. நன்றாக இருக்கும் முப்பது பாகங்களைச் சூடு காட்டி எடுத்தால் அவற்றில் ஒன்றிரண்டு தடமும் கூடவே உரிந்து வரும். பலகையில் திருகும் சிறு குமிழ்கள் இருக்கும். தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்தவை அவை. யாரும் அவற்றைத் திருப்ப வேண்டாம். திருப்பியே ஆகவேண்டுமென்றால் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு தொடட்டும். முள் கையின் பேரிங்கை எதற்காகப் பிரிக்கிறார் என்று கேளுங்கள். கை ஆடாமல், தடங்காமல் மிதக்கிறது என்றால் அங்கே கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. இணையத்தில் பழைய கருவிகளை வாங்கியவுடன் முழுதாகப் பிரித்துப் படம் போடும் ஆர்வலர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கையில் செத்த டர்ன்டேபிள்களின் எண்ணிக்கை வயதாகிச் செத்தவற்றைவிட அதிகமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

நீங்களே செய்யவேண்டியது கொஞ்சம்தான். பிளக்கை உருவிவிட்டுச் சுழல்தட்டைத் தூக்கி, அச்சில் மின்மோட்டாருக்கான மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தயாரித்தவர்களே ஏறத்தாழ 2000 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கேட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழியில் உறைந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அது இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். தட்டைத் திரும்ப வைக்கும் முன் காந்த வளையத்தில் திருகாணி, இரும்புத்தூள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புது கார்ட்ரிட்ஜ் பொருத்தும்போது ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து முள் முனைவரை 52 மில்லிமீட்டர் இருக்கட்டும். வீடு மாற்றும்போது சுழல்தட்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள்.

கடைசியாக உங்கள் மனைவியின் கேள்வி. வசதியிலும் ஒலித் துல்லியத்திலும் போன்தான் மேல். இதை மறுத்து வாதாடும் இசைத்தட்டு ரசிகர்களோடு நான் சேர்வதில்லை. ஆனால் பழங்கால மோகம் என்பது சரியில்லை. 34 வயதுக்காரரின் பழங்காலம் கேசட்டும் சிடியும். உங்களுக்கு நினைவே இல்லாத ஒன்றின்மேல் எப்படி மோகம் வரும்? ஒரு கருவி என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ள முடிவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கண்டுகொண்டிருக்கிறீர்கள். வேகம் சரியாக இருக்கும்போது சுழல்தட்டின் ஓரத்துப் புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்பதை அவருக்கும் காட்டுங்கள்.

அதோடு முள் கை இடவலமாக ஊசலாடுகிறதா என்றும் இருவரும் பாருங்கள். ஊசலாடினால் இசைத்தட்டின் துளை நடுவில் இல்லை. எம்கே2-இன் வேக ஏற்ற இறக்கம் வெறும் 0.025 சதவீதம். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஓடும் வரியில் சுருதி அரை சதவீதம் மேலும் கீழும் போகும். நீண்ட நாதஸ்வர ஒலியில் அது அப்பட்டமாகத் தெரியும். என்னிடம் இருக்கும் பழைய தட்டுகளிலும் இப்படிச் சில உண்டு. நாகமிச்சி நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் டிஎக்ஸ்-1000 என்ற டைரக்ட் டிரைவில் இந்த விலகலைத் தானே அளந்து தட்டை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டையே வைத்தது. அதன் விலையை உங்கள் மனைவிக்குத் தெரியாமல் பாருங்கள். உங்கள் தட்டு புதிதாக வாங்கியதென்றால் கடையில் மாற்றிக் கேளுங்கள். பழையதென்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், மோட்டார்மேல் பழி போட்டு அதைத் திறக்கக் கிளம்பிவிடாதீர்கள்.