ஐ.பி. போட்ட பிறகு நூல் யார் தருவார்?

கேள்வி: நகரியில் ஆறு விசைத்தறி வைத்திருக்கிறேன். நூல்காரர், சீட்டு, கைமாற்று எல்லாமாகப் பதினோரு லட்சம் கடன். மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மஞ்சள் கடிதாசு (ஐ.பி., அதாவது திவால் மனு) கொடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள். அதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடலாமா, ஐயா?
- பெயர் வேண்டாம், நகரி

பதில்: "ஐ.பி. பெட்டினாடு" என்று நம் ஊர்த் தெலுங்குக்காரர் சொன்னால் ஆள் கதை முடிந்தது என்று பொருள். சட்டத்தில் கதை அன்றுதான் தொடங்குகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான்.

வீட்டை மாற்றாதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் எழுதிய தானப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். திவால் ஆணை வந்ததும் சொத்து நீதிமன்றத்தின் கைக்குப் போய்விடும். சமையல் பாத்திரம், படுக்கை, மனைவியின் தாலி இவற்றைத் தொட மாட்டார்கள். பழைய கடன்களிலிருந்து உங்களை விடுவிக்கும் விடுவிப்பு ஆணை வாங்கும்வரை புதிதாக வரும் சொத்தும், அப்பாவின் பாகமே ஆனாலும், கடன்காரர்களுக்குத்தான்.

உங்களுக்கு வலிக்கப்போகும் இடம் வேறு. விடுவிப்புப் பெறாதவர் தன் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம்; ஆறு மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாய்! 1920-இல் அது பெரிய காசு, இன்று டீக்கடைக் கணக்கு. நூல் கட்டைக் கடனுக்கு எடுத்து, துணி விற்று அடைக்கிற தொழில் உங்களுடையது. "நான் ஐ.பி. கொடுத்தவன்" என்று சொல்லிக் கேட்டால் எந்த நூல்காரர் கட்டை இறக்குவார்?

விடுவிப்புக்கு எப்போது மனுச் செய்ய வேண்டும் என்ற கெடு திவால் ஆணையிலேயே இருக்கும். என்னிடம் வந்த ஒரு தறிக்காரர் அந்த ஆணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். கெடு தாண்டி, ஆணை ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலில் நின்றபோதுதான் எடுத்துப் படித்தார். கெடுவுக்குள் போனாலும், சொத்து கடனில் ரூபாய்க்கு ஐம்பது காசு அளவுக்குத் தேறாவிட்டால், அது உங்கள் தவறால் நேர்ந்ததல்ல என்று நீதிமன்றம் ஏற்கும்படி காட்ட வேண்டும்.

உங்களை விடுவித்தாலும் சட்டம் ஜாமீன்தாரரை விடுவிப்பதில்லை. பாக்கிக்குக் கடன்காரர் நேராக மைத்துனர் வீட்டுக்குத்தான் போவார். இது அவருக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனு எழுதும் முன் அவரையும் அழைத்துக்கொண்டு நூல்காரரிடம் போய்த் தவணை பேசிப் பாருங்கள். தறி ஓடினால்தான் நூல்காரருக்கும் பணம் வரும்.