பழைய ஓட்டு வீட்டைப் பழுதுபார்த்து, பிரித்து, வேறு இடத்தில் நிறுத்த முடியுமா? எதில் தொடங்குவது?

முடியும். எங்கள் அம்மா பிறந்த வீட்டைத் திருவட்டாறு பக்கத்திலிருந்து தக்கலை பக்கத்துக்கு அப்படித்தான் கொண்டுவந்தோம். தாத்தா கட்டிய ஓட்டு வீடு, மர வேலை நிறைய, நிலம் கையை விட்டுப் போகிறது, 20 கிலோமீட்டர் தள்ளி வேறு மனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நிலைமையும் அதேதான். பாகம் வைத்தபோது நிலம் மாமா பிள்ளைகளுக்கு, மேலே நிற்கும் வீடு அம்மாவுக்கு என்று முடிவானது. இரண்டு வருஷத்துக்குள் எடுத்துக்கொள்ளணும் என்று பேச்சு.

வீட்டை முழுசாக நகர்த்துவதும் உண்டு, அது வேறு வேலை. சுவரடியில் தோண்டி, இரும்புச் சட்டம் கொடுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே அளவில் திருகி உயர்த்துவார்கள். சென்னையில் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட வீடுகளை ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் இப்படித் தூக்குகின்றன. செங்கல் வீட்டை அதே மனைக்குள் சில அடி நகர்த்தணும் என்றால் அது சரி. உங்களுக்கு அது உதவாது, பிரித்துத்தான் கோக்கணும். முடிந்தால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சென்னைக்குத் தெற்கே, 1996-இல் திறந்த அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீடு என்று பல வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் அம்மா அங்கே ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அதுவரை "வீட்டை இடிக்கப் போறீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது "எப்பப் பிரிக்கிறோம்?" என்று கேட்டார்.

அடுத்து, எது கூட வரும், எது வராது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். மரம் வரும். ஓடு வரும். கருங்கல் படி, தூணடிக் கல் வரும். மண்சுவர் வராது. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் என்றால் செங்கல் பெரும்பாலும் முழுசாகக் கழன்று வரும், சுரண்டி மறுபடி வைக்கலாம். சிமென்டில் கட்டியதை உடைத்தால் கல்லும் சேர்ந்து உடையும். எங்களுடையது மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. சுவரை விட்டுவிட்டு மச்சு (கூரைக்குக் கீழே இருக்கும் பலகைத் தளம்), நிரைப்பலகை (அறைகளைப் பிரிக்கும் பலகைச் சுவர்), தூண்கள், கூரை மொத்தமும் எடுத்தோம். அம்மாவுக்கு வீடு என்றால் திண்ணைத் தூணும் மச்சுக்குக் கீழே இருக்கும் இருட்டும்தான். அதனால் எங்களுக்கு அந்த முடிவு கஷ்டமாக இல்லை. உங்கள் வீட்டில் எது வீடு என்பதை நீங்கள்தான் சொல்லணும்.

இனி எதில் தொடங்குவது என்ற கேள்வி. நின்ற இடத்திலேயே பழுதுபார்ப்பதில் தொடங்குங்கள். எடுத்துப் போகப்போகிற வீட்டுக்கு இங்கே எதற்குச் செலவு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கேட்காதவர் எங்கள் தச்சர், ஆசாரி பாட்டா ஒருவர்தான். எழுபது தாண்டிய மனுஷர். அவர் சொன்ன காரணம்: "நோயாளியைத் தூக்கிட்டுப் போகணும்னா முதல்ல எழுந்து உக்கார வைக்கணும் மக்களே." வீடு தெற்கே நாலு விரல் சாய்ந்திருந்தது. சாய்ந்த நிலையில் பிரித்தால், எந்த மூட்டு முதலிலேயே விலகியது, எது பிரிக்கும்போது விலகியது என்று பிறகு தெரியாது. மூட்டெல்லாம் அந்தச் சாய்வில் கடித்துக்கொண்டிருக்கும். ஆப்பு வராது, வலுவில் இழுத்தால் துளை கிழியும். அதனால் முட்டுக் கொடுத்து, செயின் பிளாக் (பாரத்தை மெல்ல இழுக்கும் சங்கிலிக் கப்பி) கட்டி, ஒரு நாளைக்கு அரை விரல் என்று மெல்ல நிமிர்த்தினோம். எட்டாம் நாள் காலை திண்ணைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. 20 வருஷமாகத் தரையை உரசிக்கொண்டிருந்த கதவு அது.

அந்தப் பழுதுபார்ப்பில்தான் வீட்டின் உண்மையான நோயும் தெரிந்தது. தூண், கதவு, மச்சுப் பலகை எல்லாம் அயனியும் தேக்கும். குத்தூசி வைத்து அழுத்தினால் இறங்கவில்லை. ஆனால் வடக்குச் சுவரில் உத்திரத்தின் முனைகள் விரலால் கிள்ளினால் உதிர்ந்தன. காரணம் கரையான் மட்டுமில்லை. முப்பது வருஷத்துக்கு முன் அந்தச் சுவருக்கு மட்டும் 'பலமாக இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசியிருக்கிறார்கள். மண்சுவர் ஈரத்தைக் குடித்துக் குடித்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடும், சிமென்ட் அடைத்துவிடும். போக இடமில்லாத ஈரம் மரத்தின் முனைக்குப் போயிருக்கிறது. நல்ல மனதோடு செய்த காரியம்தான், பார்த்தபோது வயிறு எரிந்தது. முனைகளை மட்டும் அறுத்து, பழைய மரத்திலேயே சாய்வாக ஒட்டுப் போட்டு, மர ஆணி அடித்தார் பாட்டா. முழு உத்திரத்தையும் மாற்றிவிடலாம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னார். கேட்காதீர்கள். முனை கெட்டதற்காக 15 அடி மரத்தைத் தூக்கிப் போடக்கூடாது.

அளவெடுப்பது அடுத்தது. நானும் தம்பியும் டேப் வைத்து எடுத்தபோது ஒன்றுமே முழு எண்ணாக வரவில்லை. நீளம் 12 மீட்டர் 24, அகலம் 9 மீட்டர் 36. அடியிலும் ஒழுங்காக வரவில்லை. தாத்தா காலத்து ஆட்கள் கண்மட்டத்தில் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தோம். பாட்டா தன் கோலை எடுத்து வந்தார். ஒரு கோல் 24 விரல், சுமார் 72 சென்டிமீட்டர். வைத்துப் பார்த்தால் நீளம் சரியாக 17 கோல், அகலம் 13 கோல். தூணுக்குத் தூண் இடைவெளியும் கோல்கணக்கில் முழுசாக வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புது மனையில் கொத்தனார் உங்கள் அளவை வசதிக்காக முழு அடிக்கு மாற்றிவிடுவார். இரண்டு அங்குலம்தானே என்பார். மேலே வரப்போகும் கூரை ஏற்கெனவே அறுத்து முடிந்த கூரை, அது இரண்டு அங்குலம் நீளாது. அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும் அன்று அந்தக் கோலோடு நீங்கள் அங்கே இருக்கணும். மூலைக்கு மூலை குறுக்களவையும் பழைய வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே ஒத்துப் பாருங்கள்.

குறி போடுவதற்கு நாலு நாள் ஒதுக்குங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு மாதக்கணக்கில் அவதி. சாக்குக்கட்டி அழியும், பெயின்ட் பழைய மரத்தில் நின்றுவிடும். நாங்கள் அலுமினியத் தகட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்ணைக் குத்தி, கண்ணில் படாத முனையில் அடித்தோம். ஈசான மூலையில் ஆரம்பித்து வலமாக: கி-1, கி-2, பிறகு தெ-1, தெ-2 என்று. கூடவே முகடு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. கைமரங்கள், எங்கள் ஊரில் கழுக்கோல் என்போம், மொத்தம் 58. எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவே, ஒன்றை மாற்றி வைத்தால் என்ன என்று தோன்றும். நாலாப்பக்கமும் சரியும் கூரையில் மூலையை நோக்கிப் போகப் போக ஒவ்வொன்றும் நீளத்தில் மாறும். நீளம் ஒத்துப்போனால்கூட, அத்தனை வருஷம் ஓட்டைச் சுமந்த மரம் தன் இடத்துக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். இடம் மாற்றினால் ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், சரியாக உட்காராது.

தெ-14 தகட்டை அடிக்கும்போது பாட்டா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முனையில் இருந்த கரியை வேட்டி நுனியால் துடைத்தார். உளியால் வெட்டிய சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், நெல் மணி நீளத்தில். எண்ணினோம். பக்கத்துக் கழுக்கோலில் ஒரு கோடு குறைவு, அதற்கடுத்ததில் இன்னொன்று குறைவு. "இது எண்ணி வச்ச வீடு. கீழே தரையில கோத்துப் பார்த்துட்டு, பிரிச்சுத்தான் மேலே ஏத்தியிருக்கான்" என்றார். யார் அந்த ஆசாரி என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் தகடுகளை அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே, மறைக்காமல் அடித்தோம்.

பிரிக்கும் மாதம் முக்கியம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பொங்கல் கழிந்து பங்குனிக்குள் முடிக்கணும். உங்கள் ஊருக்கு ஏற்ப நீங்கள் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஓடு இறக்குவதில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். சுமார் 2,900 ஓடு, ஒன்று இரண்டரைக் கிலோ வரும். மொத்தம் ஏழு டன்னுக்கு மேல். முதல் நாள் வேலையாட்கள் நிழல் இருந்த தெற்குச் சரிவை மட்டும் மளமளவென்று காலி செய்துவிட்டார்கள். மத்தியானம் முகட்டிலிருந்து ஒரு சத்தம், கயிறு இறுகுகிற மாதிரி. ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. கூரை தெற்கே தள்ள ஆரம்பித்திருந்தது. முட்டுகளை எடுக்காமல் வைத்திருந்ததால் தப்பினோம். எதிரெதிர்ச் சரிவுகளில் வரிசைக்கு வரிசை, முகட்டிலிருந்து கீழ்நோக்கி இறக்கணும். இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம். பொத்தென்றால் உள்ளே கீறல். பின்பக்கத்து முத்திரையையும் பார்த்து அடுக்குங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த பிறகு எத்தனையோ சூளைகள் வந்தன, ஒவ்வொன்றின் வார்ப்பிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒரு சூளை ஓட்டோடு இன்னொரு சூளை ஓடு சரியாகப் பல் பிடிக்காது. கலந்து போட்டால் அங்கேதான் ஒழுகும்.

லாரி பிடிக்கும் முன் காகிதம். தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் 1968-இலிருந்து இருக்கின்றன. தேக்கு ஏற்றிப் போகிறீர்கள் என்றால் வழியில் நிறுத்திக் கேட்பார்கள். நிற்கும் வீட்டின் படங்கள், வீட்டு வரி ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் சான்று இவற்றோடு வனச்சரக அலுவலகத்துக்கு முன்கூட்டியே போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். புது இடத்தில் கட்டட அனுமதியும் தனியாக வாங்கணும். பழைய மரம் என்பதற்காக அது பழைய வீடாகிவிடாது.

மரத்தை அடுக்கும்போது தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் குச்சி வைத்து, காற்றுப் போகும்படி அடுக்குங்கள். தார்ப்பாயை மேலே கூரை மாதிரி கட்டுங்கள், சுற்றிப் பொதியாதீர்கள். நாங்கள் நிரைப்பலகைகளைப் பத்திரமாக என்று பொதிந்துவைத்தோம். மூன்று வாரத்தில் திறந்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை. தேய்த்ததில் பூஞ்சை போனது, ஆனால் இரண்டு பலகையில் கறை இன்னும் இருக்கிறது. அடுக்கிவைத்த சமயத்திலேயே முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசினோம். வள்ளத்துக்குப் பூசுவது, எங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும். கையில் பட்டால் புண்ணாகும், உறை போடாமல் தொடாதீர்கள்.

கோப்பது, நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. குறி சரியாக இருந்ததால் கூரைச் சட்டம் 11 நாளில் ஏறிவிட்டது. சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. செலவு எங்களுக்கு அதே அளவு கான்கிரீட் வீட்டுக்கு ஆகும் தொகையில் முக்கால் பங்கு வந்தது. அதில் பாதிக்கு மேல் ஆசாரிமார் கூலி. அதில் பேரம் பேச வேண்டாம். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், கிடைத்தவரைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். உத்திரம் சுவருக்குள் போகும் இடத்தில், மழை அதிகம் அடிக்கும் பக்கமாகப் பார்த்து, ஓரடிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் குத்தூசியை அழுத்திப் பாருங்கள். ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று கீழே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.