ஆறு அங்குல மனிதருக்கு ஒரு வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கை கால் மடங்கும் ஆக்‌ஷன் ஃபிகர் பொம்மைகளுக்கு டயோரமா, அதாவது நிஜம் போன்ற குட்டிக் காட்சியமைப்பு, செய்து படம் எடுப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன், படத்தில் பொம்மை பொம்மையாகவே தெரிகிறது." வெளிப்புறக் காட்சிக்கு மண்ணும் கல்லும் போட்டு ஓரளவு சமாளித்துவிடலாம். அறை அப்படியில்லை. பிறந்ததிலிருந்து அறைக்குள்ளேயே இருக்கிறோம். எங்கே தப்பு என்று கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் இன்று அறைகள் மட்டும்.

கேள்வி: என்னிடம் ஆறு அங்குல ஆக்‌ஷன் ஃபிகர்கள் நாலைந்து இருக்கின்றன. அறையை என்ன அளவில் கட்டுவது அண்ணா? கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. (கல்லூரி மாணவர், சேலம்)

உங்களுக்கு வாய்த்தது உலகத்திலேயே சுலபமான கணக்கு தம்பி. ஆறு அங்குல உருவம் என்றால் 1/12 அளவு. நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். 7 அடிக் கதவு 7 அங்குலம். 10க்கு 12 அடி அறை, 10க்கு 12 அங்குல அட்டை. தரையில் இரண்டடி டைல்ஸ் என்றால் இரண்டு அங்குலச் சதுரம். நாற்காலியின் உட்காரும் பலகை தரையிலிருந்து ஒன்றரை அங்குலம். டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டையே அளந்து, அடியை அடித்துவிட்டு அங்குலம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

12 அங்குல உருவங்கள் 1/6. அங்கே ஓர் அடிக்கு இரண்டு அங்குலம். 1964இல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ இந்த உயரம்தான். பையன்களுக்கு "டால்" என்று சொல்லி விற்க முடியாது என்றுதான் "ஆக்‌ஷன் ஃபிகர்" என்ற பெயரே பிறந்தது. மூன்றே முக்கால் அங்குலக் குட்டிகள் 1/18, ஓர் அடிக்கு 17 மில்லிமீட்டர்.

ஒரு எச்சரிக்கை. ஒரே அலமாரியில் நிற்கும் எல்லாமே ஒரே அளவு கிடையாது. 7 அங்குலத்தில் வருபவை ஏறக்குறைய 1/10. அதையும் ஆறு அங்குலத்தையும் ஒரே அறையில் விட்டால் ஒருவர் வீட்டுக்காரர் போலவும் இன்னொருவர் நிலைப்படியில் இடித்துக்கொள்ளப் போகிறவர் போலவும் இருப்பார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கதவு நிலையை மட்டும் செய்து பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தலைக்கு மேல் ஓர் அங்குலம் இடம் இருந்தால் மேலே போகலாம்.

கேள்வி: தெர்மோகோல் சுவர் செய்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். சுவர் கரைந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்னும். ரப்பர் பசையும் அப்படியே. முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு பூச்சு, அதற்கு மேல் அக்ரிலிக் அல்லது டிஸ்டெம்பர். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் சன்போர்டு என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகைக்கு மாறுங்கள். 5 மில்லிமீட்டர் சன்போர்டு இரண்டை ஒட்டினால் 10 மில்லிமீட்டர். 1/12 கணக்கில் அது நாலரை அங்குலச் செங்கல் சுவருக்குச் சரியாக வரும். கார்ட்போர்டு என்றால் இரண்டு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் விடிவதற்குள் அப்பளமாக வளைந்து நிற்கும்.

கேள்வி: அளவு சரி, நிறம் சரி. பார்க்கிறவர்கள் எல்லாரும் "பொம்மை வீடு நல்லா இருக்கு" என்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று இடங்களில் பிடிபடுகிறீர்கள்.

முதலாவது தடிமன். நீளம் அகலத்தைச் சுருக்குகிற நாம் தடிமனை மறந்துவிடுகிறோம். சாதாரண நோட்டுத் தாள் 0.1 மில்லிமீட்டர் இருக்கும். 1/12இல் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல், அதாவது அட்டை. உங்கள் ஜன்னல் திரை போர்வை மாதிரி விறைத்து நிற்பது இதனால்தான். துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, மடிப்புகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக் காயவையுங்கள். மேசையில் கிடக்கும் செய்தித்தாளுக்கு இருப்பதிலேயே மெல்லிய தாளில் அச்செடுத்து, கசக்கிப் பிரித்து வையுங்கள்.

இரண்டாவது பளபளப்பு. ஆறு அங்குல மனிதரின் சுவரில் மினுமினுப்பு தெரிந்தால் ஆட்டம் முடிந்தது. பெயிண்டில் ஒரு சிட்டிகை முகப் பவுடர் கலந்தாலே போதும், மினுக்கம் அடங்கிவிடும். விதிவிலக்கு ரெட் ஆக்சைடு தரை. பல தலைமுறைக் கால்கள் பட்டு அது மின்னத்தான் வேண்டும். தாளின் மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள். ஓஹெச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கத்தில் காவிச் சிவப்பைப் பூசிக் கவிழ்த்துப் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாக வழியும்.

மூன்றாவதுதான் முக்கியம்: உங்கள் அறையில் யாரும் குடியிருக்கவில்லை. அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்றொரு பெண்மணி இருந்தார். 1940களில், சந்தேக மரணங்கள் நடந்த அறைகளை ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற இதே அளவில் செய்தார். காவல்துறையினருக்குப் பயிற்சி கொடுக்கத்தான். அறையைப் பார்த்தே அங்கே இருந்தவர் யார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று படிக்க வேண்டும். அதற்காகக் குட்டிக் காலுறைகளைக் குண்டூசி போன்ற ஊசிகளில் பின்னினார். நம் அறைகளில் கொலை எதுவும் வேண்டாம். ஆனால் படிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

கட்டரைத் தொடுவதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவரை அரை மணி நேரம் பாருங்கள். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை. துடைப்பம் இடித்து இடித்துத் தரையோரம் ஒரு சாம்பல் கோடு. விளக்கு மாடத்துக்கு மேலே நாக்கு வடிவில் புகைக்கரி. பழைய படத்தைக் கழற்றிய இடத்தில் மட்டும் வெளுக்காத ஒரு சதுரம், அதன் தலையில் துருப்பிடித்த ஆணி. நிலைப்படியில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். தாத்தா சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெய்க் கறை.

அந்த எண்ணெய்க் கறைக்கு நான் முதலில் நிஜத் தேங்காய் எண்ணெயே வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் பாதிச் சுவர் தாத்தாவின் தலையாகியிருந்தது. இப்போது தண்ணீர் ஃபெவிகாலில் இரண்டு சொட்டு டிகாஷன் கலந்து விரல் நுனியால் ஒற்றுகிறேன். காய்ந்ததும் லேசான மினுக்கோடு நிற்கும். பரவாது.

எல்லா இடத்திலும் அழுக்கைப் பூசிவிடாதீர்கள். கை, கால், தண்ணீர், புகை எங்கே படுமோ அங்கே மட்டும்.

கேள்வி: பெரிய கேமரா வாங்க வசதியில்லை. செல்போனில் எடுத்தால் நன்றாக வருமா?

இந்த வேலைக்குப் போன்தான் பல சமயம் பெரிய கேமராவை ஜெயிக்கும். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. முழு ஃபிரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப் 2 என்று அகலமாகத் திறந்து வைத்து அரை மீட்டரிலிருந்து எடுத்தால் தெளிவாக விழுவது ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான். மூக்கு தெரியும், காது மங்கும். நிஜ அறையில் நிஜ மனிதரை எடுத்தால் அப்படியா மங்கும்? "இது சின்னப் பொருள்" என்று மூளைக்குக் காட்டிக்கொடுப்பதே அந்த மங்கல்தான். துளையை எஃப் 11க்குச் சுருக்கினால் ஆறேழு சென்டிமீட்டர் கிடைக்கும். போனின் சென்சார் சிறியது என்பதால் நல்ல ஆழம் தானாகவே வந்துவிடும். அதைக் கெடுக்கும் போர்ட்ரெய்ட் மோடை மட்டும் தொடாதீர்கள். விரல்களுக்கு இடையில் தெரியும் சுவரைக் கூட அது பாதி மங்கவைக்கும்.

அடுத்து உயரம். உங்கள் மனிதரின் கண் தரையிலிருந்து 14 சென்டிமீட்டரில் இருக்கிறது. லென்ஸும் அங்கேதான் இருக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் அது மொட்டை மாடியிலிருந்து கூரை இல்லாத வீட்டை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். படத்தை அப்புறம் நிமிர்த்திக்கொள்ளலாம்.

தூரமும் அதே கணக்குத்தான். 25 சென்டிமீட்டரில் போனை வைத்தால் அறைக்குள் 3 மீட்டர் தள்ளி ஒருவர் நின்று எடுத்த மாதிரி. இதற்குத்தான் ஒரு சுவரைக் கழற்றும்படி கட்டச் சொல்கிறேன். சில போன்கள் கிட்டே போனதும் தானாகவே அகல லென்ஸுக்குத் தாவிவிடும், அறை பலூன் மாதிரி உப்பும். செட்டிங்ஸில் அதை அணைத்துவையுங்கள்.

கேள்வி: ஜன்னல் வழியாக வெயில் விழுவது போல் எடுக்க டேபிள் லாம்ப் வைத்தேன். கம்பிகளின் நிழல் விசிறி மாதிரி விரிகிறது. சில படங்களில் கறுப்புப் பட்டைகள் வேறு.

விளக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சூரியன் எட்டாத தூரத்தில் இருப்பதால்தான் அதன் நிழல்கள் இணையாக விழுகின்றன. சின்ன, கூர்மையான வெளிச்சம் தரும் டார்ச்சை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அறையின் கணக்கில் அது 24 மீட்டர். விரிப்பு தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். இன்னும் நல்ல யோசனை, டயோரமாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவது. சூரிய நிழலின் ஓரம் எந்த அளவிலும் சரியான விகிதத்தில்தான் மென்மையாகும். அதைவிட நல்ல விளக்கு கடையில் கிடையாது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே வரும். பதினைந்து நிமிடம்தான் இருக்கும், எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பட்டைகள் கரண்டினால் வருபவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். அறைக்குள் வைக்க 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் நல்லது. வழக்கமான ஸ்ட்ரிப்பை 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெட்டலாம். இரண்டு துண்டு சேர்ந்தால் 10 சென்டிமீட்டர், நாலடி ட்யூப்லைட்டின் 1/12. ஆனால் ஸ்ட்ரிப்பின் அகலம் 8 மில்லிமீட்டர், ட்யூப்போ இந்த அளவில் 3 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். எனவே அதைப் படத்தில் காட்டாமல் உத்தரத்துக்குப் பின்னால் ஒளித்து, வெளிச்சத்தை மட்டும் விடுங்கள்.

கேள்வி: சீலிங் ஃபேன் சுற்றுவதாகக் காட்ட முடியுமா சார்? என் பையன் உயிரை எடுக்கிறான். (ஒரு தாய், மதுரை)

பையனுக்கு நல்ல கண் அம்மா. கூரை தெரிந்தாலே அறை பாதி நிஜமாகிவிடும், ஃபேன் சுற்றினால் கேட்கவே வேண்டாம். 48 அங்குல ஃபேன் இங்கே 4 அங்குலம். இறக்கைகளைக் குளிர்பானத் தகரத்தில் வெட்டுங்கள். ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அந்த வேலை மட்டும் உங்கள் கையால். ரோபோ செய்யும் பிள்ளைகள் வாங்குகிற 300 ஆர்பிஎம் கியர் மோட்டார் ஒன்று போதும். நிமிடத்துக்கு 300 என்றால் நொடிக்கு 5 சுற்று. 1/15 நொடியில் மூன்றில் ஒரு சுற்று. மூன்று இறக்கைகளும் இடைவெளியில்லாமல் ஒரு வட்டமாகக் கலந்துவிடும். 1/30இல் எடுத்தால் இறக்கையும் தெரியும், ஓட்டமும் தெரியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

மோட்டாரை டயோரமாவில் ஒட்டாதீர்கள். அதன் அதிர்வில் மேசையில் இருக்கும் டம்ளர் வரை எல்லாம் நடுங்கும், படம் கலங்கும். தனியாக ஒரு ஸ்டாண்டில் மாட்டி, கூரையின் ஓட்டை வழியாகத் தண்டை மட்டும் தொங்கவிடுங்கள்.

கேள்வி: ஷட்டரை அழுத்தும் நேரத்தில்தான் பொம்மை விழுகிறது.

அது எல்லா வீட்டிலும் நடக்கும் அதிசயம். போஸ்டர் ஒட்டும் புட்டியைக் கடுகளவு உருட்டிப் பாதத்தின் கீழ் வையுங்கள். மூட்டு தளர்ந்திருந்தால் கழற்றி, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். இன்னொன்று: இரண்டு காலிலும் சமமாக எடை வைத்து நிற்பவன் அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரன் மட்டும்தான். ஒரு காலில் சாயுங்கள், இடுப்பு ஒரு பக்கம் ஏறட்டும், தோள் எதிர்ப்பக்கம் இறங்கட்டும். பார்வை கேமராவில் வேண்டாம், அறைக்குள் இருக்கும் ஏதாவது ஒன்றில் இருக்கட்டும்.

கேள்வி: கொலு பொம்மைகளை வைத்து இப்படி எடுக்கலாமா?

தாராளமாக. கொலுவுக்குப் பூங்கா கட்டி, கடுகு முளைக்கவைத்துப் புல்வெளி செய்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு டயோரமா புதிதே இல்லை. ஆனால் செட்டியாரும் அவர் கடைப் பூசணிக்காயும் ஒரே அளவுகோலில் இருக்க மாட்டார்கள். பெரியதை முன்னால், சிறியதைப் பின்னால் வைத்தால் தூரத்தில் இருப்பதாகக் கண் ஏமாறும். குளத்துக்குக் கண்ணாடி வேண்டாம். ரசம் அடியில் இருப்பதால் கரைக்கும் பிம்பத்துக்கும் இடையே ஒரு சந்து தெரியும்.

கேள்வி: பெட்டியில் வைத்திருந்த உருவம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பூஞ்சையா?

இல்லை. பிவிசியை இளக்கமாக்கச் சேர்க்கும் பொருள் வெளியே கசிகிறது. வெப்பமும் மூடிய பெட்டியும்தான் காரணம். இளம் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி, காற்றோட்டமாக வையுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். முகமே போய்விடும்.

கேள்வி: வாடகை வீடு, ஒரே ஹால். இதையெல்லாம் எங்கே வைப்பது? வீட்டில் திட்டு விழுகிறது.

அறையை அறையாக வைக்காதீர்கள். தரை ஒன்று, சுவர் மூன்று, கூரை ஒன்று. தனித்தனிப் பலகைகளாகச் செய்து, மூலைகளில் குட்டிக் காந்தம் பதித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததும் பிரித்து அடுக்கினால் எல்லாம் சேர்ந்து இரண்டு அங்குல உயரம்தான். கட்டிலுக்கு அடியில் போகும். சுவரின் பின்பக்கத்தையும் வீணாக்காதீர்கள். முன்பக்கம் ஹால் என்றால் பின்பக்கம் சமையலறை. நாற்காலி, தண்ணீர்க் குடம், ஸ்விட்ச் போர்டு எல்லாம் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் அடங்கும். டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். என் வீட்டில் எழுதாமல் விட்டு, நான்கு மாதம் உட்கார்ந்து செய்த ஒரு முழுச் சமையலறை தீபாவளி மிக்சரோடு அண்டை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அம்மிக்குழவி மட்டும் வரவில்லை.